சாமிப் பெட்டியில் பாஸ்வேர்டு

சங்கரபாண்டியனுக்கு ஊரில் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, மானாவாரியில் பருத்தி போட்டு மூன்று வருஷம் தொடர்ந்து கையைச் சுட்டுக்கொள்ளாதவர். இன்னொன்று, பாஸ்வேர்டு விஷயத்தில் ஏழு வீட்டுப் பங்காளிகளுக்கும் வழிகாட்டியவர். முதல் பெருமையை அதிர்ஷ்டம் கொடுத்தது. இரண்டாவதை அவராகவே தேடிக்கொண்டார். அதனால்தான் அவர் மகள் ஈஸ்வரி, அரசாங்க வேலை வாசல் வரைக்கும் வந்து நின்ற நாளில், கதவைத் திறக்க முடியாமல் தவிக்க வேண்டியதாயிற்று.

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, பஸ் நிற்காமல் போகும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஏழு வீட்டுக்கும் குலசாமி ஒத்தப்பனைக் கருப்பன். எதை எழுதினாலும் முதலில் சாமி பேரை எழுதிவிட்டுத்தான் மற்றது. கல்யாணப் பத்திரிகை, மோட்டார் ரூம் சுவர், டிராக்டர் நெற்றி எல்லாம் அப்படித்தான். போன் வந்து பாஸ்வேர்டு கேட்டபோதும் சாமி பேரையே போட்டார்கள். நம்பரும் வேண்டும் என்று அது அடம்பிடித்ததால் பின்னால் 123 சேர்த்துக்கொண்டார்கள். ஏழு வீடு, முப்பத்தொரு போன், ஒரே பாஸ்வேர்டு. யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் எல்லோருடையதும் தெரியும்.

போன தை மாதம் அது வினையாக வந்தது. யாரோ பங்காளி அய்யப்பனின் பேஸ்புக்கில் புகுந்து, பெரிய பங்காளி முத்துராமலிங்கத்தின் படத்தைப் போட்டு, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதிவிட்டார்கள். பாலவனத்தத்துச் சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து, ரோஜா மாலையும் கோடித் துணியுமாக ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்து இறங்கியபோது, செத்தவர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அய்யப்பன் சாமி மேல் சத்தியம் செய்தான். அவன் இல்லையென்றால் வேறு யார்? முப்பது போன்களில் எந்தப் போன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிய செலவு முத்துராமலிங்கத்துக்கு. ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிற செலவு எல்லோருக்கும்.

அந்த வாரத்தில்தான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வங்கிக்காரர்கள் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுச் சங்கரபாண்டியன் போனார். போகும்போது பருத்திக்காரராகப் போனவர், வரும்போது பாஸ்வேர்டு நிபுணராக வந்தார். அங்கே பேசிய பெண் அதிகாரி மூன்று சங்கதி சொன்னாராம். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது. பாஸ்வேர்டுக்கு அர்த்தமே இருக்கக் கூடாது. எழுதிவைத்தால் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும்.

"பத்திரமான எடம்னு அந்தம்மா சொன்னாக பாரு, அப்பமே எனக்குப் பொறி தட்டிருச்சு," என்றார் பங்காளிகளைக் கூட்டிவைத்து. "நம்ம சாமிப் பெட்டிய விடப் பத்திரமான எடம் ஒலகத்துல ஏது?"

சாமிப் பெட்டி என்பது கருப்பனின் பட்டு, சலங்கை, அரிவாள் எல்லாம் இருக்கும் பழைய மரப்பெட்டி. அதற்கென்று ஒற்றை அறையில் ஒரு பெட்டி வீடு. மாசி மாதம் சிவராத்திரி அன்று மட்டும் திறப்பார்கள். வீட்டுக்கொருவராக ஏழு பேரும் கூட வேண்டும், சாமியாடி சோலை அருள் வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். பெண்கள் வாசற்படி தாண்டக் கூடாது. இத்தனை காவல் எந்த வங்கியில் இருக்கிறது? பங்காளிகள் ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். இவ்வளவு சீக்கிரம் எல்லோரும் ஒத்துக்கொண்டது அந்த ஏழு வீட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. சங்கரபாண்டியனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிவராத்திரியன்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, மஞ்சள் தடவி, வீட்டுக்கொரு பக்கம் ஒதுக்கினார்கள். எல்லோரும் புதுப் பாஸ்வேர்டு போட்டுத் அவரவர் பக்கத்தில் எழுத வேண்டும். துண்டால் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுதினார்கள். சங்கரபாண்டியன் வீட்டுக் கணக்குகளுக்கெல்லாம் அவரே பாஸ்வேர்டு போட்டார். அர்த்தமே இருக்கக் கூடாது அல்லவா? கண்ணை இறுக மூடிக்கொண்டு போனில் கைக்கு வந்ததைக் குத்தினார். வந்து விழுந்ததைப் பாஸ்வேர்டாக்கிவிட்டு, பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினார். எழுதும்போது ஒரு கண்ணைத் தம்பி சண்முகவேல் மேல் வைத்துக்கொண்டார். தம்பியோடு ஒரு வரப்புத் தகராறு நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அரசாங்க வேலைப் பரீட்சைக்காக ஈஸ்வரி ஆன்லைனில் வைத்திருந்த கணக்குக்கும் அவள் ஈமெயிலுக்கும் அதே சடங்குதான் நடந்தது. அவள் குதித்தாள்.

"அப்பா, அது எம் பேர்ல இருக்க கணக்கு. எனக்காச்சும் என்னன்னு சொல்லுங்க."

"எனக்கே தெரியாதுத்தா. அதான் அதுல உள்ள சூட்சுமம்."

"வேலைக்கு லிஸ்ட்டு வந்தா என்ன பண்ணுறது?"

"வரட்டும், பாத்துக்கிருவோம்." மூன்று தடவை எழுதியும் வராதது இனியா வந்துவிடப் போகிறது என்று அவர் நினைத்தது உண்மை. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

ஆவணியில் வந்துவிட்டது. இளநிலை உதவியாளர் பதவி. ஈஸ்வரியின் பதிவு எண் பட்டியலில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குள் சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பேரை எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் தெரிந்தது. இருபத்தேழு வயது, மூன்று வருஷப் படிப்பு, கைவசம் ஐந்து நாள். சான்றிதழ்கள் ஏழும் ஸ்கேன் செய்து போனிலேயே தயாராக இருந்தன.

"பாஸ்வேர்ட மறந்துட்டேன்னு போட்டா புதுசு குடுப்பாங்கல்ல?" என்று அம்மா முருகேஸ்வரி கேட்டாள்.

"குடுப்பாங்கம்மா. ஒண்ணு, காலேஜு படிக்கிறப்பக் குடுத்த பழைய நம்பருக்கு வரும். அது ரீசார்ஜ் பண்ணாமச் செத்துப் போச்சு. இல்லாட்டி ஈமெயிலுக்கு வரும்."

"அப்ப ஈமெயிலத் தொற."

"அதோட பாஸ்வேர்டும் பெட்டிக்குள்ள," என்றாள் ஈஸ்வரி. அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். பார்த்துச் சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊர் நல்லதுக்கென்றால் பெட்டியைத் திறக்க மாட்டார்களா என்ன? முதலில் எதிர்ப்பட்டது தம்பிதான். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன், "இப்பமே தொறந்துருவோம்ண்ணே, நா ரெடி," என்றான் சண்முகவேல். ஆறு மாதமாக அவன் போன் கூப்பிட்டால் எடுத்துப் பேச மட்டும்தான் பயன்பட்டது. சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதியக்கூடப் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போய்வந்தான். ஊரே அவனைக் கேலி பேசியது. சங்கரபாண்டியனுக்கோ அவன் அவசரத்தைப் பார்த்ததும் உள்ளுக்குள் மணி அடித்தது. இவன் எதுக்கு இப்படிப் பறக்கிறான்? என் பக்கத்தைப் பார்க்கத்தானே?

மற்றவர்களிடம் காரியம் அத்தனை சுலபமாக இல்லை. முத்துராமலிங்கத்துக்குச் சம்பந்தி வழியில் ஒரு சாவு, பதினாறு நாள் தீட்டாம். "தீட்டோட வந்து நிக்கலாமாப்பா? சாமி குத்தமாயிரும்." அய்யப்பன் நரிக்குடிப் பக்கம் ஆட்டு யாபாரத்துக்குப் போகிறவன், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாதாம். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவர் மாசியில்லாமல் திறந்தால் மழை பொய்த்துவிடும் என்றார். அந்தச் சீமையில் மழை எந்த வருஷம் உண்மை பேசியது என்று சங்கரபாண்டியன் கேட்கவில்லை. கோபம் வந்தாலும், இவ்வளவு தெய்வ பக்தி நம் வம்சத்தில் இருக்கிறதே என்று ஒரு பக்கம் நெஞ்சு நெகிழவும் செய்தது.

புதன்கிழமை சோலையிடம் உத்தரவு கேட்டார்கள். கிழவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, கண்ணை மேலே செருகினார்.

"மாசியில வா... மாசியில வாடா..." என்றார் கருப்பன்.

"சாமி, வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சே முக்காலோட முடிஞ்சிருதுங்க சாமி."

"மாசியில வா!"

வியாழக்கிழமை இரவு முழுக்கச் சங்கரபாண்டியன் நினைவுபடுத்திப் பார்த்தார். முதல் எழுத்து 'கே' மாதிரி இருந்தது, நடுவில் ஒரு நட்சத்திரம் வந்தது என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டதைக் கண்ணை மூடி நினைத்தால் எப்படி வரும்? பக்கத்து அறையில் மகள் விழித்திருப்பது தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு ஈஸ்வரியைக் காணவில்லை. முருகேஸ்வரி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "சுத்தியலத் தூக்கிக்கிட்டுப் பெட்டி வீட்டுக்குப் போயிருக்கா உங்க மக!"

ஈஸ்வரி பெட்டி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுத்தியல், ஒரு கையில் போன், பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில். வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். யாரும் வரலைன்னா நானே உள்ள போயி, நானே பூட்ட ஒடச்சு, நானே பெட்டியத் தொறப்பேன். தீட்டு, மழை, மாசி எல்லாத்தையும் சாமிகிட்ட நானே பேசிக்கிறேன்."

பெண்பிள்ளை பெட்டியைத் தொடுவதா! அடுத்த இருபது நிமிஷத்தில் நடந்ததைப் பார்த்துச் சங்கரபாண்டியனால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பதினாறு நாள் தீட்டு ஐந்தாம் நாளே கழிந்து, முத்துராமலிங்கம் ஈரத் தலையோடு வந்து நின்றார். முழங்கால் வலிக்காரர் குறுக்குப் பாதையில் ஓடி வந்தார். நரிக்குடியில் இருந்த அய்யப்பன் ஊருக்குள்ளேயே ஒரு வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டான். சோலை சுத்தியலை ஒரு பார்வை பார்த்தார். அருள் உடனே வந்தது.

"தொறடா... என்னத்துக்குடா எம் பேத்தியக் காக்கப் போடுறீக? தொற!"

நாலு ஐம்பதுக்குப் பூட்டு திறந்தது. வேஷ்டியை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கழற்றி, ஏழு பேரும் கும்பிட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார்கள். பட்டுக்கும் சலங்கைக்கும் நடுவே நோட்டு பத்திரமாக இருந்தது. சங்கரபாண்டியன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே வந்த முத்துராமலிங்கம், "ஒம் பக்கத்த மட்டும் பாருப்பா, மத்தவுக பக்கத்தப் புரட்டுறது முறையில்ல," என்றார்.

அவர் பக்கம் எது என்று தேடும்போது மற்றப் பக்கங்கள் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? முத்துராமலிங்கத்தின் பக்கத்தில், 'என்னுடையது எனக்குத் தெரியும்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. சோலையின் பக்கத்தில் மூன்று முறை ஓம். அய்யப்பன் பிள்ளையார் சுழி போட்டதோடு நிறுத்திக்கொண்டிருந்தான். முழங்கால் வலிக்காரர் பழைய சாமி பேரையும் 123-ஐயுமே எழுதியிருந்தார். மழைக்காரர் பக்கத்தில், போன சிவராத்திரிக்கு வாங்கிய தேங்காய், பழம், சூடத்தின் பட்டியல்.

"அடப் பாவிகளா!" சங்கரபாண்டியனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீட்டும் முழங்காலும் மாசியும் ஏன் வந்தன என்பதும் விளங்கியது. "சாமி பெட்டிக்குள்ள பொய்ய எழுதி வச்சிட்டு, சாமி குத்தம்னு எங்கிட்டயே பேசுனீகளா? ஒருத்தன ஒருத்தன் நம்பலைன்னா நேராச் சொல்ல வேண்டியதுதான? இம்புட்டு ஈனப் புத்தியா நம்ம வம்சத்துக்கு?" பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வறுத்தெடுத்தார். எல்லோர் முகத்திலும் அசடு வழிந்தது.

அடுத்த பக்கம் சண்முகவேலுடையது. அதைப் பார்த்ததும் அவர் குரல் நின்றது. இடம் விடாமல் எழுதியிருந்தான். பேஸ்புக், ஈமெயில், கேஸ், மனைவியின் போன், பையனின் ஸ்காலர்ஷிப். போன் திறக்கிற கோலத்தைப் புள்ளி வைத்து வரைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டிருந்தான். சைக்கிள் பூட்டின் நம்பரைக்கூட விடவில்லை. அண்ணன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே ஆள்.

"அப்பா, மணி அஞ்சு தாண்டிருச்சு. நம்ம பக்கத்தக் காட்டுங்க," என்றாள் ஈஸ்வரி.

தம்பி பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்திலேயே இருந்ததைக் காட்டினார். அவள் பார்த்துப் பார்த்து அடித்தாள். தவறு என்று வந்தது. ஈமெயில் வழியாகப் போகலாம் என்றால், அது செத்துப்போன பழைய நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொன்னது. பரீட்சைக் கணக்குக்கே திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி மறுபடி அடித்தாள். தவறு. இன்னும் ஒரு முறைதான் முயலலாம், அதற்குமேல் நாளைக் காலை வரை கணக்கு பூட்டப்படும் என்று திரை சொன்னது. நாளைக் காலையில் அந்த வேலை வேறொருவருடையது.

"சரியாத்தானப்பா அடிக்கிறேன்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கடைசி இரண்டு எண்ணை எழுதப் போகும்போது, சொம்பில் தண்ணீர் எடுக்கச் சண்முகவேல் அந்தப் பக்கமாகக் குனிந்தான். ஒரு நொடிதான். கை தானாகவே வேலை செய்தது.

"போன எங்கிட்டக் குடுத்தா, நா அடிக்கிறேன்."

"ஒரு தடவதான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நா அடிக்கிறேன்."

பக்கத்தில் போய்க் காதில் சொல்லலாம் என்று குனிந்தார். ஆறு பங்காளிகளும் சேர்ந்து குனிந்தார்கள். இத்தனை நேரம் வறுபட்டவர்களுக்குத் திடீரென்று காது கூர்மையாகிவிட்டது. மகள் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவருடைய மானம், மரியாதை, நிபுணத்துவம் எல்லாம் ஒன்றுக்கும் உதவாத சரக்கு என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"கடைசி ரெண்டு நம்பரும் தப்புத்தா," என்றார் உரக்கவே. "எடம் மாத்தி எழுதிட்டேன். நாப்பத்தேழுன்னு இருக்குல்ல, அது எழுவத்திநாலு."

"தெரியாம மாத்தி எழுதிட்டிகளா?"

"தெரிஞ்சேதான்."

"யாருக்குப் பயந்துண்ணே?" என்று கேட்டான் சண்முகவேல். அவன் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

சங்கரபாண்டியன் தரையைப் பார்த்தார். "ஒனக்குத்தாம்ல," என்றார்.

ஏழு பேருக்கு நடுவில் தன் பக்கமும் விரிந்து கிடப்பதைப் பார்த்து, சண்முகவேல் அதன் மேல் மட்டும் மெதுவாகத் துண்டை இழுத்து மூடினான். அண்ணனுக்கு அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஈஸ்வரி அடித்தாள். திறந்தது. அதன்பிறகு அரை மணி நேரம் யாரும் மூச்சு விடவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், சாதிச் சான்று என்று ஒவ்வொன்றாக ஏறியது. ஒவ்வொன்று ஏறும்போதும் சோலை 'கருப்பா' என்றார். ஐந்து முப்பத்தெட்டுக்கு ஏழாவதும் ஏறி, பச்சை நிறத்தில் நன்றி என்று வந்தது. முத்துராமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் எழுதினாலும் பெரியப்பா பெரியப்பாதானே. சங்கரபாண்டியனுக்கு மகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிச்சாத்தா? கெளம்புவமா?"

"இருங்கப்பா. பாஸ்வேர்ட மாத்திக்கிறேன்."

"அதான் நல்லது. என்ன போடப் போற?" பழக்க தோஷத்தில் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார்.

ஈஸ்வரி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்ப்பா," என்றாள்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. பெற்றவனிடமே சொல்ல மாட்டாளாமே என்று நெஞ்சு ஒருபக்கம் பொங்கியது. இதை ஆறு மாதத்துக்கு முன்பே சொல்ல அவளை விட்டிருந்தால் இந்த ஐந்து நாள் வந்திருக்காதே என்று இன்னொரு பக்கம் குத்தியது. இரண்டாவதுதான் நியாயம் என்று தெரிந்தும் அதை ஒத்துக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பங்காளிகளோ இன்னும் ஆர்வம் குறையாமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சங்கரபாண்டியன் மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"ஏலே, என்னத்தலே பாக்குறீக? புள்ள பாஸ்வேர்டு போடுது, எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்கலே!" என்று ஒரு சத்தம் போட்டார். முதலில் திரும்பியது சண்முகவேல். அவன் பின்னால் மற்றவர்களும், கடைசியில் சோலையும் திரும்பினார்கள். சட்டையில்லாத ஏழு பேர், பொட்டலில் வளர்ந்து கிடந்த கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை அப்படியே நின்றார்கள்.